எல்எஸ்டி ட்ரீம் எமுலேட்டர்: எதையாவது தொட்டா ஸ்கிரீன் கருப்பாயிடுது

1998ல ஜப்பான்ல பிளேஸ்டேஷன் 1க்கு வந்த கலைஞர் ஒசாமு சாடோவோட எல்எஸ்டி கேம இங்க யாராவது எமுலேட்டர்ல (பழைய கன்சோல் கேம கம்ப்யூட்டர்ல ஓட்டற சாஃப்ட்வேர்) ஓட்டிருக்கீங்களா? கனவுக்குள்ள நடக்கறப்ப சுவர், மரம்னு எதையாவது தொட்டா ஸ்கிரீன் மங்கி வேற இடத்துக்கு போகணும்ல, எனக்கு மங்குது, ஆனா அப்படியே கருப்பா நின்னுடுது, மியூசிக்கும் காலடி சத்தமும் மட்டும் கேட்டுட்டே இருக்கு. கேம் ஹேங் ஆகல, ஏன்னா ஒரு கனவு 10 நிமிஷத்துக்கு மேல போகாதுல்ல, சும்மா விட்டு பாத்தேன், முடிஞ்சதும் கனவோட மூட காட்டற அந்த கிராஃப் ஒழுங்கா வந்துச்சு.

நாளாக ஆக டெக்ஸ்ச்சர்லாம் (சுவர், தரை மேல இருக்கற படம்) தானா மாறுற கேம் வேற, அதனால பிரச்சனை ஆரம்பிச்ச முதல் மூணு நாள் இதுவும் கலைதான்னு நெனச்சு பயபக்தியோட இருட்டுல நடந்துட்டு இருந்தேன் 🤦

கேம்ல ஒரு கனவு ஒரு நாள் கணக்கு, அதுல 8ஆம் நாள் வரைக்கும் சுத்தமா பிரச்சனை இல்ல. 9லேர்ந்து மூணு தடவைக்கு ஒரு தடவை இப்படி, ரெண்டு வாரமா. விண்டோஸ் 10 லேப்டாப், 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, எமுலேட்டர் லேட்டஸ்ட் வெர்ஷன், ஜப்பான் பயாஸ் (கன்சோலோட அடிப்படை சாஃப்ட்வேர்). கேம் ஃபைல் என் சொந்த டிஸ்க்லேர்ந்து ரிப் (காப்பி) பண்ணி எடுத்த .bin, .cue ஃபைல்தான். படத்த கிராஃபிக்ஸ் சிப்புக்கு பதிலா பிராசஸரே வரையற சாஃப்ட்வேர் ரெண்டரருக்கு மாத்தியாச்சு, ரெசல்யூஷன ஒரிஜினல் அளவுக்கு குறைச்சாச்சு, புது மெமரி கார்டு போட்டு முதல் நாள்லேர்ந்து ஆடியும் பாத்தாச்சு, 9ல மறுபடி அதே கதை. டிஸ்க்ல லேசா ஒரு கீறல் இருக்கு, மறுபடி ரிப் மட்டும் பண்ணல, டிரைவ் கைவசம் இல்ல.

சத்தம் வந்து படம் மட்டும் வராம போறது ரிப் கெட்டுப்போனதாலயா, இல்ல நான் தொடாத செட்டிங் ஏதாவது இருக்கா?