நடுநிலை வகுப்புக்கு உயிரியல்: இணையத்தில் எதை எடுப்பது, எதை விடுவது?

தும்பைப்பூ:

அனைவருக்கும் வணக்கம். நான் வேதியியல் படித்தவள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளின் அறிவியலும் இந்த ஆண்டு என் தலையில் விழுந்திருக்கிறது. அமிலம், காரம் என்றால் கவலையில்லை. செல், நுண்ணுயிரிகள், உறுப்பு மண்டலங்கள் என்று வரும்போது, பாடநூலைத் தாண்டி ஒரு வரி பேச யோசிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. இணையம் காலையில் ஒழுங்காக இருக்கும், மதிய உணவுக்குப் பிறகு அதன் விருப்பம். காணொளி தேடினால் நூற்றுக்கணக்கில் கொட்டுகிறது. நேற்று ஏழாம் வகுப்புக்கு செல் பற்றி ஒன்றைப் போட்டேன். பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். முடிந்ததும் கேள்வி கேட்டால், வாய் திறந்தபடியேதான் இருந்தது. பட்டியல் வேண்டாம், நிறைய இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கரும்பலகை:

மேடம், வெளியே அலைய வேண்டியதில்லை. 2018 முதல் வந்த நம் பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்குரியது வந்துவிடும். வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையமே தேவைப்படாது. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் இருக்கின்றன. தமிழில், நம் பாடத்திட்டத்தில், நம் தேர்வுக்கு. வேறென்ன வேண்டும்?

தும்பைப்பூ:

நன்றி சார். அவற்றைத்தான் முதலில் பார்த்தேன். பாடத்தைத் திருப்பிப் பார்க்க நல்லவை. ஆனால் பல பாடங்களில் ஓர் ஆசிரியர் நின்று பேசுகிறார். அதை நானே செய்கிறேனே!

ஓணான்:

அம்மா, உங்கள் கேள்வி சரியான கேள்வி. ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டேன், கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணொளியைத் தேடுவதற்கு முன்னால், பிள்ளைகளின் மனத்தில் ஏற்கெனவே என்ன தவறான எண்ணம் இருக்கிறது என்று தேடுங்கள். எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: பள்ளி வாசலில் நிற்கும் வேப்பமரத்தின் எடை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 'மண்ணிலிருந்து' என்பார்கள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளையும் அதையேதான் சொல்லும். இப்போது நீங்கள் எடுத்து வைத்திருக்கும் காணொளியைப் பாருங்கள். வேர் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது, இலை சமைக்கிறது என்று வண்ண அம்புகளோடு காட்டினால், அந்தத் தவறான எண்ணத்துக்கு நீங்களே உரம் போடுகிறீர்கள். எவ்வளவு அழகான அசைபடமாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். அதற்குப் பதில் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்வேன். ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று. ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்துவிட்டது, மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ். அந்த மனிதர் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். அவரும் பாதி தவறு, காற்றை விட்டுவிட்டார். 'அவர் எதை மறந்தார்?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். வகுப்பு சூடாகிவிடும். அதன் பிறகு காணொளி போட்டால் பிள்ளைகள் பதிலைத் தேடிப் பார்ப்பார்கள்.

இதேபோல இன்னும் சில இடங்கள். சிரையில் ஓடும் இரத்தம் நீலம் என்று பாதி வகுப்பு நம்பும், படங்கள் அப்படி வரைந்திருப்பதால். உண்மையில் அது கருஞ்சிவப்பு. நீலம் என்பது படம் வரைபவர்களின் வசதி என்று காணொளி சொல்லவில்லையென்றால் நிறுத்தி நீங்கள் சொல்ல வேண்டும். தாவரம் பகலில் கார்பன் டைஆக்சைடைச் சுவாசிக்கிறது, இரவில்தான் ஆக்சிஜன் எடுக்கிறது என்று சொல்லும் காணொளியும் உண்டு. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில் சறுக்குபவரை மற்ற இடங்களில் எப்படி நம்புவது?

பின்னணி இசை காதைப் பிளக்கும் காணொளிகளை அரை நிமிடத்திலேயே மூடிவிடுவேன். அது என் குணம், விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செல் பாடத்துக்கு வருகிறேன். வண்ணப் படத்தை முதலில் காட்டாதீர்கள். ஃபோல்ட்ஸ்கோப் என்று காகித நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கியது. 140 மடங்கு பெரிதாக்கும். கைப்பேசியின் கேமராவோடு ஒட்டிக்கொள்ளும், படத்தைப் பலகையில் காட்டலாம். வெங்காயச் செதிலின் உட்பக்கத் தோலை உரித்து, அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன். செங்கல் சுவர் போலச் செல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்புப் புள்ளி. உடனே ஒரு மாணவி, "சார், புத்தகத்துப் படத்தில் பச்சையாக இருந்ததே, அது எங்கே?" என்றாள். வெங்காயம் மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் விளைகிறது, அங்கே ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்துக்கு என்ன வேலை என்று கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். மறுநாள் குளத்திலிருந்து ஹைட்ரில்லா கொண்டுவந்தார்கள். அதன் இலை மிக மெல்லியது, வெட்டவே வேண்டாம், அப்படியே வைக்கலாம். பச்சை மணிகள் தெரிந்தன. வெளிச்சத்தில் சற்று நேரம் வைத்துப் பார்த்தபோது அவை செல்லின் ஓரமாக ஊர்ந்தன. அசைபடம் போட்டது அதற்குப் பிறகுதான். "எங்கள் செல்லில் இது தெரியவில்லையே" என்று ஒவ்வொரு நுண்ணுறுப்புக்கும் கேள்வி வந்தது. அந்தக் கேள்விகளுக்காகத்தான் இணையம்.

நுண்ணுயிரிகள் பாடத்துக்கு ஒரே ஒரு ஆங்கிலத் தளம் சொல்கிறேன். யூட்டா பல்கலைக்கழகத்தின் 'லேர்ன் ஜெனிடிக்ஸ்' தளத்தில் செல்லின் அளவைக் காட்டும் பக்கம் இருக்கிறது. காப்பிக் கொட்டையில் தொடங்கி, அரிசி, அமீபா, இரத்தச் சிவப்பணு, ஈ. கோலை பாக்டீரியா, வைரஸ் என்று இறங்கி கார்பன் அணுவரை போகலாம். பாடப்படங்களில் பாக்டீரியாவும் வைரஸும் ஒரே அளவில் அருகருகே இருக்கும், பிள்ளைகளும் அப்படியே நம்புவார்கள். சிவப்பணு ஏழெட்டு மைக்ரோமீட்டர், ஈ. கோலை இரண்டு, இன்ஃப்ளுயன்சா வைரஸ் ஒன்றில் பத்தில் ஒரு பங்கு. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, நகர்த்திக் காட்ட வேண்டும். பெயர்கள்தான் ஆங்கிலம். நீங்கள் பேசுவது தமிழ்தானே?

கரும்பலகை:

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஒரு பாடத்துக்கு இத்தனை நாள் எடுத்தால் பருவத் தேர்வுக்கு எப்படி முடிப்பது? எட்டாம் வகுப்புக்கு என்எம்எம்எஸ் தேர்வு வேறு இருக்கிறது. உதவித்தொகை வரும் தேர்வு, அதில் விளையாட முடியாது.

ஓணான்:

விளையாடச் சொல்லவில்லை தம்பி. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய என்னாலும் முடியாது. பருவத்துக்கு ஓரிரு பாடம் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றுக்கு உங்கள் கியூஆர் குறியீடுதான். வினா வங்கியும் வேண்டும்தான்.

கூழாங்கல்:

ஊடே நுழைகிறேன். வளரிளம் பருவம் பாடத்துக்குக் காணொளி போடுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை முன்கூட்டியே பாருங்கள். முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பாடம் ஒழுங்காக முடிந்தது, அடுத்து வந்து நின்ற சிறுபடத்தைப் பார்த்து வகுப்பே சிரித்தது. பெண் பிள்ளைகள் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்தப் பாடத்துக்குப் பதிவிறக்கிய கோப்பு மட்டும்தான்.

பிறகு, பிள்ளைகள் தகவல் பார்ப்பது மட்டுமல்ல, தகவல் கொடுப்பதற்கும் தளங்கள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று எண்ணி, இ-பேர்டு தளத்தில் ஏற்றலாம். சீசன்வாட்ச் என்று இன்னொன்று: ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, தளிர், பூ, காய் என்று வாரம் ஒருமுறை பதிய வேண்டும். எங்கள் பிள்ளைகள் புளியமரம் எடுத்தார்கள். சரக்கொன்றையும் கேட்டார்கள், அது பூத்துக் குலுங்குவது கோடை விடுமுறையில் என்பதால் தயங்கினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டு சேர்த்துவிட்டார்கள். செடி, பூச்சி அடையாளம் காண ஐநேச்சுரலிஸ்ட்காரர்களின் 'சீக்' செயலி நல்லது, கணக்குத் தொடங்கத் தேவையில்லை. பெயரை உறுதியாகச் சொல்ல முடியாதபோது குடும்பம் என்ற வகைப்பாட்டு நிலையோடு நின்றுவிடும். அதுவும் வகைப்பாட்டியல் பாடம்தான்.

தும்பைப்பூ:

எல்லோருக்கும் நன்றி. ஓணான் ஐயா, இன்று காலை எட்டாம் வகுப்பில் வேப்பமரக் கேள்வியைக் கேட்டேன். 'மண்' என்று ஒரே குரல். ஒருவன் மட்டும் 'தண்ணீர்' என்றான், வான் ஹெல்மான்ட் கட்சி. நாளை தொடர்கிறேன்.

ஒரு சந்தேகம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளத்தில் முயல்களை வைத்து இயற்கைத் தேர்வு பற்றி இயங்கும் மாதிரி ஒன்று இருக்கிறதே, அது எட்டாம் வகுப்புக்கு ஒத்துவருமா? மதியம் இணையம் இல்லாமல் ஓடுமா?

ஓணான்:

ஓடும். ஒரே கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம், பென்டிரைவில் போட்டு உலாவியில் திறந்தால் போதும். பரிணாமம் நம் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில்தான் வருகிறது, எனவே மரபணு பக்கம் போகாதீர்கள். ஓநாயையும் உணவுத் தட்டுப்பாட்டையும் சேர்க்காமல் முயல்களை மட்டும் விட்டு ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் உலகத்தையே முயல்கள் பிடித்துவிட்டன என்று திரையில் செய்தி வரும். பிறகு ஓநாயைச் சேர்க்கும் முன், முயல்களின் எண்ணிக்கையைக் காட்டும் வரைகோடு எப்படிப் போகும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் வரையச் சொல்லுங்கள். வரைந்து முடிக்கும்வரை 'ஓட்டு' பொத்தானை அழுத்தாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.