பயிற்சி முடிந்தால் சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

தம்பிலுவில் தையல்காரி:
எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதத் தையல் பயிற்சியைப் போன வெள்ளிக்கிழமை முடித்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டு காலும் இயங்காது. பயிற்சி தொடங்கியபோது பயிற்சி நிலையத்தில் நல்ல சக்கர நாற்காலி ஒன்றும், காலால் மிதிக்காமல் முழங்கையால் அழுத்தி ஓட்டுகிற மோட்டார் மெசின் ஒன்றும் தந்தார்கள். கடைசி நாள் சான்றிதழைக் கையில் தந்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த பிரிவுக்கு வேண்டுமாம். அண்ணாதான் என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார். அக்கரைப்பற்றில் ஒரு கடையில் முதலாம் திகதியிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எதில் இருந்து தைப்பது? பயிற்சிக்கென்று தருகிற கருவியை அந்த ஆளுக்கே சொந்தமாகத் தந்துவிட வேண்டும் என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

களுவாஞ்சிகுடி ஓய்வூதியர்:
மகள், உங்கள் வருத்தம் விளங்குகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பக்கம் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். கொடுத்த நாற்காலிகள் என்ன ஆயின என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் மாமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. இன்னொரு வீட்டில் அதன்மேல் நெல் மூட்டை. ஒரு வீட்டில் விற்றே விட்டார்கள். அன்றைக்கு அங்கே அடுப்பெரியவில்லை என்பதும் தெரியும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் பயிற்சி நிலையத்தின் இருப்புப் புத்தகத்தில் ஏறிய பொருள் வெளியே போனால், கணக்காய்வுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது அங்குள்ள பொறுப்பாளர். இரண்டே நாற்காலி உள்ள இடத்தில் முதல் இரண்டு பேருக்கும் சொந்தமாகக் கொடுத்துவிட்டால், மூன்றாவது பிள்ளை பயிற்சிக்கே வர முடியாது. அந்தப் பிள்ளையையும் நினைக்க வேண்டும்.

படுவான்கரை மெக்கானிக்:
ஐயா, அந்த நாற்காலி ஏன் மாமரத்தடிக்குப் போனது என்று அந்த வீட்டில் கேட்டீர்களா?

நான் சைக்கிள் திருத்துகிறவன். சக்கர நாற்காலியும் வரும். பெரும்பாலும் ஆஸ்பத்திரித் தரையில் உருட்டுவதற்குச் செய்தவை. முன் சில்லு சின்னது, ஒடுக்கமானது, இறுகின றப்பர். திருக்கோவில் ஊர் மணலில் இரண்டு முழம் போவதற்குள் அது புதைந்து, இருக்கிற ஆள் முன்னுக்குக் குப்புற விழுவார். எங்கள் பக்கம் மாரியில் களிமண். கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவற்றில் உப்புக் காற்று பெயாரிங்கைத் தின்றிருக்கும். கிறீஸ் பூச வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். போன கிழமை ஒன்று வந்தது. நாற்காலியில் ஒரு பிழையும் இல்லை, பின் ரியூப் வெடித்ததுதான். அந்த அளவு ரியூப் கடையில் இல்லையென்று எட்டு மாதம் மூலையில் போட்டு வைத்திருந்தார்கள். எட்டு மாதமும் அந்த மனிதர் திண்ணையிலேயே இருந்திருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே இதற்கு ஒரு வழிகாட்டி போட்டது. ஆளை அளப்பது, பொருத்துவது, ஓட்டப் பழக்குவது, பிறகும் போய்ப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது, இவ்வளவும் சேர்ந்தால்தான் நாற்காலி கொடுத்ததாகக் கணக்கு. இங்கே பல இடங்களில் மேடையில் வைத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. ரியூப்புக்கும் பெயாரிங்குக்கும் காசு ஒதுக்காமல் நாற்காலிக்கு மட்டும் ஒதுக்கினால், அந்தக் காசும் வீண்தான்.

காத்தான்குடி கடைக்காரர்:
நான் ஆறு மெசின் போட்டுத் தைக்கிறவன். முதலாளி பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். இலங்கையில் 1988இல் வந்த அரச சுற்றறிக்கை நூற்றுக்கு மூன்று வேலையை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது, அது அரசாங்க வேலைக்கு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஆள் எடுக்கும்போது ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்கிறது. சரி, நான் ஒதுக்கவில்லை. தங்கச்சி போல் ஒருவர் வந்தால் நாளைக்கே வேலை தருவேன். ஆனால் என் கடை வாசல் ஒரு அடி உயரம். நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டுவதென்றால் ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும் என்று மேசன் சொன்னார். வாசலில் இருந்து வடிகானுக்கு நாலடிகூட இல்லை. மெசினுக்கும் மோட்டாருக்கும் சாய்தளத்துக்கும் நானே காசு போட்டால் அந்த மாதம் மற்ற ஆறு பேருக்கும் சம்பளம் எப்படிக் கொடுப்பது?

பிரித்தானியாவில் 1994 முதல் இதற்கென்றே ஒரு அரச திட்டம் நடக்கிறது. வேலைக்கு என்ன கருவி வேண்டுமென்று அந்த ஆளே விண்ணப்பிக்கிறார், அரசு மானியம் கொடுக்கிறது. லண்டனில் இருக்கும் என் மச்சானுக்கு விசேட நாற்காலியும் மேசையும் அப்படித்தான் கிடைத்தன. இங்கேயும் பயிற்சி நிலையத்துக்கோ எனக்கோ தராமல், வேலைக்கு வருகிற ஆளின் பெயருக்குக் கொடுங்கள்.

ஊறணி ஆசிரியர்:
எனக்குக் கண் தெரியாது. கணினித் திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் வாசிக்கக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். தையல்காரித் தங்கச்சியோடு பாதி உடன்படுகிறேன், பாதி இல்லை.

என்விடிஏ என்ற திரைவாசிப்பான் முழுக்க இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் அதைப் போட ஒரு லப்டொப் வேண்டும், சுட்டி இல்லாமல் விசைகளால் மட்டும் வேலை செய்யப் பழக ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் வரவே நாலு மாதம் போனது. லப்டொப்பை இரவல் கொடுக்கலாம், அடுத்தவரும் பாவிப்பார். எந்தக் கருவி தனக்குச் சரிவரும் என்று பார்க்கவும் இரவல்தான் நல்லது. உடம்போடு ஒட்டியது வேறு. செயற்கைக் கால், காது கருவி, நாற்காலி, என் வெள்ளைப் பிரம்பு, இவற்றை இரவல் என்று சொல்லவே கூடாது. என் பிரம்பு என் நெஞ்சு உயரத்துக்கு அளந்து எடுத்தது. அதை இன்னொருவருக்குக் கொடுத்தால் அவரும் தடுமாறுவார், நானும் வீட்டிலேயே இருப்பேன்.

களுவாஞ்சிகுடி ஓய்வூதியர்:
ஆசிரியர் பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் காசு எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.7 பேருக்கு பார்ப்பது, நடப்பது போன்ற ஏதோ ஒன்றில் சிரமம் இருப்பதாகப் பதிவானது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாதக் கொடுப்பனவும் கூடியிருக்கிறதே, அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் என்ன?

தம்பிலுவில் தையல்காரி:
ஐயா, கோபப்படாமல்தான் எழுதுகிறேன். அந்தக் காசு அரிசிக்கும் மருந்துக்கும் சரி. நான் வேலைக்குப் போகக் கேட்பதே அந்தக் காசை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்றுதான். ஆறு மாதம் எனக்குப் பயிற்சி தர ஆசிரியைக்குச் சம்பளம், துணி, நூல், கரண்ட் என்று எவ்வளவு செலவழித்திருப்பார்கள்? கடைசியில் நாற்காலியை எடுத்து என்னை வீட்டில் இருத்தினால் அந்தச் செலவெல்லாம் எங்கே போகிறது?

படுவான்கரை மெக்கானிக்:
தங்கச்சி, மெசினுக்கு நான் வழி சொல்கிறேன். வீட்டில் பழைய மெசின் இருக்கிறதா? மோட்டாரின் மிதியைக் கழற்றி, ஒரு பலகைத் துண்டில் இறுக்கி, மேசையின் வலப்பக்கம் முழங்கை படுகிற உயரத்தில் பூட்டலாம். வயர் மட்டும் கொஞ்சம் நீளமாக எடுக்க வேண்டும். ஒரு பின்னேர வேலை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கூலி வேண்டாம்.

தம்பிலுவில் தையல்காரி:
அம்மாவின் சிங்கர் மெசின் இருக்கிறது அண்ணா, மோட்டாரும் பூட்டியதுதான். வாங்கோ, சாப்பாடு எங்கள் வீட்டில்.

ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த பிரிவில் சேர்ந்த பிள்ளை நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் இருந்த நாற்காலியைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் என்னைவிட மிகவும் மெல்லிய உடம்பு. சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை செருகியிருக்கிறாள். சில்லை உருட்டக் கையை அகட்டி அகட்டித் தோள் மூட்டு நோகிறதாம். மத்தியானத்துக்குப் பிறகு தைக்க முடியவில்லை என்று அழுதாள். மூன்றாவது பிள்ளை என்று நீங்கள் சொன்னது இவளைத்தான்.

களுவாஞ்சிகுடி ஓய்வூதியர்:
அந்த நாற்காலியின் இருக்கை எத்தனை அங்குலம் மகள்?

தம்பிலுவில் தையல்காரி:
18. எனக்கு அளவு. அவளுக்கு 14 போதும்.

களுவாஞ்சிகுடி ஓய்வூதியர்:
இரண்டு பேருடைய அளவையும் எழுதி அனுப்புங்கள். அக்கரைப்பற்றுக் கடையின் வேலைக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். திங்கட்கிழமை காலை பிரதேச செயலகத்துக்கு நானும் வருகிறேன்.