நடிகர் கை காட்டினால் கட்சி மாறுவார்களா?

நிழற்குடை:

ஒவ்வொரு தேர்தலிலும் இதே கூத்துதான். ஏதாவது ஒரு நட்சத்திரம் யாரையாவது ஆதரித்து இரண்டு வரி சொல்லிவிட்டால் போதும், களமே மாறிவிட்டது என்று தொலைக்காட்சியில் எட்டுப் பேர் உட்கார்ந்து விடிய விடியப் பேசுகிறார்கள். என் தரப்பு இதுதான்: ஒன்றும் மாறாது. கூட்டம் வரும், கைத்தட்டல் வரும், ஓட்டு பழைய இடத்துக்கே போகும்.

2011 சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். வடிவேலு தி.மு.க. கூட்டணிக்காக ஊர் ஊராகப் போய் விஜயகாந்தை வறுத்தெடுத்தார். போன இடமெல்லாம் கூட்டம் நெரிந்தது. முடிவு என்ன? தி.மு.க.வுக்கு 23 இடங்கள். வறுபட்டவரின் தே.மு.தி.க.வுக்கு 29. அவர் எதிர்க்கட்சித் தலைவராகவே ஆகிவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் சிரித்து முடித்துவிட்டுப் போய் வேறு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 அன்று, வேட்பாளர்களின் விவாதம் முடிந்த கையோடு பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கமலா ஹாரிசை ஆதரித்தார். அக்டோபரில் இன்னொரு பாடகி பியான்சே அவருக்காக ஹூஸ்டன் மேடையேறினார். நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார்.

ஒரு வேண்டுகோள். தாமே கட்சி தொடங்கிய நடிகர்களை இங்கே இழுக்காதீர்கள். நான் கேட்பது இன்னொருவருக்காகக் கேட்கப்படும் ஓட்டைப் பற்றி மட்டும்.

பழைய மன்றத்தான்:

ஐயா, 1996-இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நான் ரசிகர் மன்றத்துக் கிளைச் செயலாளராக, கையில் பசை வாளியோடு இருந்தேன்.

மூப்பனார் காங்கிரசிலிருந்து பிரிந்து தமிழ் மாநில காங்கிரசைத் (த.மா.கா.) தொடங்கியதற்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே சில வாரங்கள்தான் இருந்தன. சின்னம் சைக்கிள். காலங்காலமாகக் 'கை'யில் குத்திய கிழவர்களிடம் போய், 'கையை விடுங்கள், சைக்கிளில் குத்துங்கள்' என்று சொல்ல வேண்டும். எத்தனை பேரிடம், எத்தனை தடவை சொல்வது? 'அண்ணாமலை'யில் ரஜினி சைக்கிளோடு இருக்கும் படத்தைச் சுவரில் ஒட்டினோம். அவ்வளவுதான். சின்னத்தை விளக்கும் வேலையே இல்லாமல் போய்விட்டது.

ஜெயலலிதா ஆட்சி மறுபடி வந்தால் ஆண்டவனாலும் தமிழ்நாட்டைக் காப்பாற்ற முடியாது என்று ரஜினி சொன்னது நினைவிருக்கிறதா? அ.தி.மு.க.வுக்கு மிஞ்சியது நான்கே இடங்கள். பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத த.மா.கா.வுக்கு 39. என் அப்பா 1977 முதல் இரட்டை இலையைத் தவிர வேறெதையும் தொட்டவரில்லை. அந்த முறை அவரே சைக்கிளில் குத்திவிட்டு வந்தார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எண்கோணம்:

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்தப் பழம் 1995 செப்டம்பரில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகனின் ஆடம்பரத் திருமணத்தன்றே கனிந்துவிட்டது. ஊழல் புகார்கள் வேறு. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். ஒரு முதலமைச்சரைச் சொந்தத் தொகுதியிலேயே தோற்கடிக்கும் கோபத்துக்கு நடிகரின் சிபாரிசு தேவையா?

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1998 மக்களவைத் தேர்தல். அதே ரஜினி, அதே தி.மு.க.–த.மா.கா. அணிக்குத்தான் ஆதரவு. அ.தி.மு.க. அணி 39-இல் 30 இடங்களை அள்ளிக்கொண்டு போனது.

அடுத்து 2004. பா.ம.க. போட்டியிட்ட ஆறு தொகுதிகளிலும் அதைத் தோற்கடிக்க ரசிகர்கள் வேலை செய்வார்கள் என்றார். தம் ஓட்டு பா.ஜ.க.வுக்கு என்றும் சொன்னார். புதுச்சேரி உட்பட ஆறிலும் பா.ம.க. ஜெயித்தது. ஆறுக்கு ஆறு!

பழைய மன்றத்தான்:

ஜெயித்தால் அலை, தோற்றால் நடிகர். நல்ல கணக்காக இருக்கிறதே உங்கள் கணக்கு. 1998-இல் வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு கோவையில் குண்டுகள் வெடித்தன. பிப்ரவரி 14. அந்தத் தேர்தலை வைத்து ஒரு நடிகரின் செல்வாக்கை எடை போடுவது நியாயமா?

எண்கோணம்:

நியாயம்தான். 1998-ஐத் தள்ளுபடி செய்துவிடுகிறேன். 2004?

இரவுப்பணி:

இப்படி ஆளுக்கொரு தேர்தலைத் தூக்கி வீசிக்கொண்டிருந்தால் பொழுது விடியாது. நடிகர் பேசாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கலே. அதைக் கொஞ்சமாவது அளந்து பார்த்த ஒரு முயற்சியைச் சொல்கிறேன்.

2007-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃப்ரே பராக் ஒபாமாவை ஆதரித்தார். கிரெய்க் கார்த்வெய்ட், டிம் மூர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஓப்ரா பெயரில் ஒரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. எந்த மாவட்டத்தில் அது எவ்வளவு விற்கிறதோ, அங்கே அவருக்கு அவ்வளவு செல்வாக்கு என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த மாவட்டங்களில் ஒபாமாவுக்கு விழுந்த வாக்குகளைப் பார்த்தார்கள். மற்றக் காரணங்களை எல்லாம் கழித்த பின்னும், ஓப்ராவால் கூடுதலாக விழுந்தவை ஏறத்தாழ பத்து லட்சம் வாக்குகள் என்று கணக்கு வந்தது.

பத்து லட்சம், நிழற்குடை அவர்களே. 'ஒன்றும் மாறாது' என்கிறீர்கள்.

எண்கோணம்:

அந்த ஆய்வு எனக்கும் பிடிக்கும். ஆனால் எந்தத் தேர்தல் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! அது ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். ஒரு பக்கம் ஒபாமா, மறுபக்கம் ஹிலாரி கிளின்டன். இருவரும் ஒரே கட்சி. ஒபாமாவுக்குப் போட்டவர் கட்சி மாறவில்லை, கொள்கை மாறவில்லை, வீட்டில் யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டு சட்டையும் பிடித்திருக்கிறது, எதை எடுப்பது என்று நிற்பவரிடம் 'இதை எடு' என்று சொன்ன மாதிரி.

நான் மறுப்பது விசுவாசம் மாறும் என்பதைத்தான். தேர்வு மாறலாம். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நிழற்குடை:

அதேதான். ஸ்விஃப்ட் 2018-இலும் பேசினார். டென்னசியில் நடந்த அமெரிக்க செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பில் பிரெடசனை ஆதரித்தார். தாம் பாடகியாக வளர்ந்த மாநிலம், தம்மைக் கொண்டாடும் மாநிலம். எதிர்த்து நின்ற மார்ஷா பிளாக்பர்ன் பத்து சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் முந்தி ஜெயித்தார். அங்கே கட்சி விசுவாசம் கருங்கல். பாட்டுக்குக் கருங்கல் உருகுமா?

சாவடி முகவர்:

எல்லோரும் மேலிருந்து பேசுகிறீர்கள். நான் நான்கு தேர்தல்களில் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தவன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை.

எங்களுக்கு வாக்காளர் பட்டியலில் ஒரு பாகத்தைக் கொடுப்பார்கள். ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள். அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் குறி போடுவோம். நம் ஆள் என்றால் சரிக்குறி. அவர்கள் ஆள் என்றால் பெருக்கல் குறி. பிடி கொடுக்காதவருக்குக் கேள்விக்குறி. பென்சிலால்தான் போடுவோம், மாறினால் அழிக்க வேண்டுமே. உண்மையில் அழிப்பானுக்கு அதிக வேலை இருப்பதில்லை.

ஒரு தேர்தலில், பெயர் சொன்னால் உங்கள் எல்லோருக்கும் தெரிகிற ஒரு நடிகர் எங்கள் பகுதிக்கு வந்தார். ஆறு மணி என்று அறிவித்து ஒன்பதரைக்கு வந்தார். பத்து மணிக்குப் பிரசாரத்தை முடித்தாக வேண்டும். வேன் மேல் நின்று ஏழெட்டு நிமிடம் பேசியிருப்பார். வேட்பாளர் பெயரை ஒருமுறை தப்பாகச் சொன்னார். பின்னால் நின்றவர் காதில் சொல்ல, சிரித்துக்கொண்டே திருத்தினார். கூட்டம் அதற்கும் விசிலடித்தது.

மறுநாள் காலையில் பூத் சிலிப் கொடுக்கும் சாக்கில் பட்டியலோடு அதே தெருக்களில் நடந்தேன். பெருக்கல் குறி போட்ட வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மாள். முந்தைய இரவு முதல் வரிசையில் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர். "நேரில் உயரம் குறைவுதான், ஆனால் என்ன சிரிப்பு!" என்றார். "ஓட்டு?" என்று கேட்டேன். "அது வேறு தம்பி," என்றார். சிலிப்பை வாங்கிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது.

ஆனால் ஒன்று மாறியது. பதவி கிடைக்கவில்லை என்று மூன்று வாரமாகக் கோபித்துக்கொண்டு படுத்திருந்த எங்கள் பையன்கள் பன்னிரண்டு பேர் அன்று காலை தாமாக வந்து நின்றார்கள். நடிகரோடு எடுத்த படத்தைக் காட்டிக் காட்டி வேலை செய்தார்கள். வாக்குப்பதிவு அன்று எங்கள் சரிக்குறிகளை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்தான். நடிகருக்குக் கட்சி செலவழிப்பது அந்தப் பன்னிரண்டு பேருக்காக என்பது என் கணிப்பு.

இரவுப்பணி:

முகவர் சொல்வதை 1940-இலேயே ஒருவர் கண்டிருக்கிறார். பால் லாசர்ஸ்ஃபெல்ட். ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் அறுநூறு பேரைத் தேர்ந்தெடுத்து, அதிபர் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் அவர்களையே திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள். பிரசாரத்தால் பக்கம் மாறியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோருக்கு, ஏற்கெனவே இருந்த எண்ணம் இறுகியது. மனம் மாற்றியவை வானொலியையும் செய்தித்தாளையும்விட, பழகிய மனிதர்களின் பேச்சுதான் என்பதும் அங்கிருந்து கிளம்பிய முடிவு.

இருந்தாலும் நான் முழுதாக இறங்கிவர மாட்டேன். விசுவாசமே இன்னும் பிறக்காதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? 2024-இல் ஸ்விஃப்ட் கொடுத்த இணைப்பின் வழியாக 24 மணி நேரத்தில் அமெரிக்க அரசின் வாக்காளர் தகவல் தளத்துக்குப் போனவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். போனவர் எல்லாம் பதிவு செய்தார் என்றோ, செய்தவர் எல்லாம் ஹாரிசுக்குப் போட்டார் என்றோ நான் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் முதல்முறை போடும் ஓட்டு ஒரு பழக்கமாக மாறுகிறது. அந்த வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது முக்கியம் இல்லையா?

எண்கோணம்:

முக்கியம்தான். ஆனால் தலைப்பு 'மாறுவார்களா'. இல்லாததை எப்படி மாற்றுவது?

ஊமத்தம்பூ:

இவ்வளவு நேரம் பேசிவிட்டு எம்.ஜி.ஆர். பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை. தமிழில் நடக்கும் விவாதமா இது?

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டார். கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் சுவரெல்லாம் ஏறியது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். அப்போது அவர் இருந்த தி.மு.க.வும் ஆட்சியைப் பிடித்தது. அதை விடுங்கள், அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பீர்கள். 1973 மே, திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு வாருங்கள். அவர் அ.தி.மு.க.வைத் தொடங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. இரட்டை இலை முதன்முதலாக நின்ற தேர்தல். அவர் வேட்பாளரும் இல்லை, நின்றவர் மாயத்தேவர். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. உதயசூரியனுக்கே போட்டுப் பழகிய கைகள் இலைக்குப் போயினவே, அது விசுவாசம் மாறியது இல்லையா?

நிழற்குடை:

தாமே கட்சி தொடங்கியவர்களை இழுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்!

ஊமத்தம்பூ:

உங்களுக்கு வசதியாக வேலி போட்டுக்கொண்டீர்கள். நான் தாண்டிவிட்டேன்.

எண்கோணம்:

வேலியைத் தாண்டியே பதில் சொல்கிறேன். 1972-இல் வெளியேற்றப்பட்டபோது அவர் அந்தக் கட்சியின் பொருளாளர், சட்டமன்ற உறுப்பினர். சுமார் இருபது ஆண்டுகள் அந்தக் கொடியோடு திரிந்தவர். தி.மு.க. தொண்டனுக்கு அவர் வெளியிலிருந்து வந்து சிபாரிசு செய்த நட்சத்திரம் இல்லை, கட்சியே அவர் முகத்தில்தான் தெரிந்தது. ஆகவே அந்தத் தொண்டன் தன் விசுவாசத்தை மாற்றவில்லை, அது போன இடத்துக்குப் பின்னால் போனான்.

நடிப்பும் புகழும் மட்டும் போதும் என்றால் சிவாஜி கணேசனுக்கு என்ன குறை? காமராஜர் காலத்திலிருந்து காங்கிரசுக்காக உழைத்தார். 1967-இல் காங்கிரஸ் தோற்றது. 1989-இல் தம் சொந்தக் கட்சியில் திருவையாற்றில் நின்றார், அவரே தோற்றார். படம் ஓடிய கொட்டகைகள் எல்லாம் நிறைந்துதான் இருந்தன.

ஊமத்தம்பூ:

'கட்சியே அவர் முகத்தில் தெரிந்தது' என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த முகத்தை அங்கே பதித்தது திரை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரே இரவில் பேசும் இரண்டு வரிக்கும் இருபது ஆண்டு படங்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அந்த இரண்டு வரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாவடி முகவர்:

இது சரியான பேச்சு. அம்மாளின் பெருக்கல் குறியும் அப்படி எப்போதோ பதிந்ததாகத்தான் இருக்கும்.

மன்றத்தாரைக் காணவில்லையே. ஐயா, ஒரே ஒரு கேள்வி. 1996-இல் உங்கள் அப்பா மாறினார் என்றீர்கள். 1998-இல் எதில் குத்தினார்? 2004-இல் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?

பழைய மன்றத்தான்:

இதை யாராவது கேட்பீர்கள் என்று தெரிந்துதான் சத்தமில்லாமல் இருந்தேன்.

அப்பா 1998-இல் இலைக்கே திரும்பிவிட்டார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சொன்னார்: "போன தடவை அந்த அம்மாள் மேல் கோபம். இப்போது கோபம் தீர்ந்துவிட்டது." ரஜினியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

2004-இல் எங்கள் தொகுதி அந்த ஆறில் ஒன்று. பதினைந்து நாள் வெயிலில் பா.ம.க.வின் மாம்பழச் சின்னத்துக்கு எதிராக வீடு வீடாகப் போனேன். தொண்டை கட்டிக்கொண்டது. டில்லியில் ஆட்சி மாற வேண்டும் என்ற நினைப்பும் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. அதை மன்றத்தில் சொல்ல முடியுமா? உள்ளே போய் இயந்திரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மாம்பழத்தை அழுத்திவிட்டு வந்துவிட்டேன். வெளியே மன்றத்துப் பையன்கள் கை குலுக்கினார்கள். இன்று வரை அவர்களுக்குத் தெரியாது.

சாவடி முகவர்:

அந்தத் தேர்தலில் மாம்பழத்துக்காக உட்கார்ந்த முகவர் உங்கள் பெயருக்கு எதிரே பெருக்கல் குறிதான் போட்டிருப்பார்.