பழைய ஆய்வுகூடக் கட்டடம்: சோலாரா, கூரையா, ஏசியா முதலில்?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் நிற்கிற மூன்று மாடிப் பல்கலைக்கழக ஆய்வுகூடம், 1980களின் கடைசியில் கட்டினது. கூரையில் பாதி கொங்கிறீற் பிளாற் (தட்டைக் கூரை), மீதி அஸ்பெஸ்டஸ் சீற். மாரியில் மேல்மாடி ஒழுகும். வராந்தாத் தூணிலும் பீம் அடியிலும் கொங்கிறீற் பொருக்காகக் கழன்று கம்பி தெரிகிறது. இரசாயனப் பகுதியில் 6 ஃபியூம் ஹூட் (இரசாயனப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற கண்ணாடிக் கதவு அலுமாரி). ஏசி நாள் முழுக்க ஓடியும் அறை குளிராது. இடிக்காமல் திருத்துவது என்று முடிவு. காசு மூன்று தவணையாக வரும். முதல் தவணையிலேயே சோலார் போடச் சொல்கிறார்கள். வரிசை சரியா?

கம்பிக்காரன்:
சோலார் கடைசி. பனலுக்கு 25 வருட ஆயுள், அதன் கீழே இருக்கிற பிளாற் இரண்டு மாரிகூடத் தாங்காது என்றால் பூட்டினதைக் கழற்றித்தான் ஒழுக்கு அடைக்க வேண்டி வரும். முதலில் தண்ணீர் ஒழுக்கு, பிறகு கொங்கிறீற்றில் ஏறின உப்பு, அதுக்குப் பிறகு மற்றதெல்லாம்.

தூண், பீம் எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று கேட்கிற இடத்தையெல்லாம் சோக்கால் வளையுங்கள். புதிதாக உடைத்த முகத்தில் 1% பினோல்ப்தலீன் (காரத்தைக் காட்டுகிற திரவம்) தெளித்தால் காரம் மிஞ்சியிருக்கிற கொங்கிறீற் கருஞ்சிவப்பாகும், கார்பனேற்றம் ஆன, அதாவது காற்றிலிருக்கிற கரியமில வாயுவால் காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. ஆனால் அது உப்பைக் காட்டாது. கடற்கரையில் உப்புத்தான் பெரிய எதிரி. 0–15, 15–30, 30–45 மி.மீ. ஆழத்துத் துளைத்தூளைத் தனித்தனிப் பையில் எடுத்துக் குளோரைட் (உப்பின் அளவு) பாருங்கள். கம்பி இருக்கிற ஆழத்திலேயே உப்பு கூட என்றால் மேலே பெயின்ற் அடிப்பதில் பிரயோசனமில்லை.

திருத்தும்போது ஓரத்தை கிரைண்டரால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள், கம்பியில் படாமல். கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. வரை உடைக்க வேணும். தெரிகிற முகத்தை மட்டும் சுரண்டிப் பூசிவிட்டால் பின்பக்கத் துரு தொடர்ந்து ஊதும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் கால்வாசி தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, பொலிமர் கலந்த திருத்தச் சாந்து.

அப்படியும் திருத்தின ஒட்டுக்குச் சுற்றிவர ஒன்றிரண்டு வருடத்தில் புதுத் துரு கிளம்புவதுண்டு. முன்பு துருப்பிடித்த இடம் தான் கரைந்துகொண்டே அக்கம்பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சுத்தமாக்கினதும் அந்தக் காவல் போய்விடும். ஒட்டின் ஓரத்துக் கம்பியில் துத்தநாக அனோட் (கம்பிக்குப் பதிலாகத் தான் கரைகிற துத்தநாகத் துண்டு) கட்டினால் அந்த வேலையை அது செய்யும். சாந்து குழைக்கிற கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதியுங்கள், வாவிப்பக்கக் கிணறுகளில் உவர் சாதாரணம்.

கச்சான் காற்று (சூடான வரண்ட காற்று) அடிக்கிற நேரம் பூசினால் பூச்சு ஒரு மணித்தியாலத்திலேயே காய்ந்து வெடிக்கும். ஈரச்சாக்குப் போட்டு 7 நாள் நனையுங்கள்.

குளிர்காற்று:
கம்பிக்காரன் அண்ணன் சொன்ன வரிசைதான். நான் ஹூட் பக்கம் மட்டும் சொல்கிறேன், உங்கள் மின்கட்டணம் அங்கேதான் போகிறது.

1.2 மீற்றர் அகல ஹூட், கண்ணாடி 45 செ.மீ. திறப்பு, முகவேகம் (திறப்பால் உள்ளே போகிற காற்றின் வேகம்) செக்கனுக்கு 0.5 மீற்றர்: 1.2 × 0.45 × 0.5 = செக்கனுக்கு 0.27 கனமீற்றர். மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 970 கனமீற்றர் குளிரூட்டின காற்றை வெளியே கொட்டுகிறீர்கள். அதுக்கு ஈடாக உள்ளே வருவது 32 பாகையில் ஈரம் சொட்டுகிற காற்று. அதைக் குளிர்விக்கவும் ஈரம் எடுக்கவும் ஒரு ஹூட்டுக்கு ஏறத்தாழ 11 கிலோவாற் குளிர்ச்சி வேணும், 12,000 பிரியூ ஏசி மூன்று. ஆறும் ஓடினால் பதினெட்டு! அறை எப்படிக் குளிரும்?

கண்ணாடியை இறக்கினால் மட்டும் போதாது. பழைய ஹூட்டில் பைபாஸ் (கண்ணாடியை மூடினாலும் காற்றை விடுகிற மாற்று வாய்) வழியாக அதே அளவு காற்றுத்தான் போகும். பைபாஸைத் திருத்தி, விசிறிக்கு வேகம் மாற்றுகிற இன்வேர்ட்டர் டிரைவும் கண்ணாடி உயரத்தைப் பார்க்கிற சென்சரும் பூட்டுங்கள். வேகம் 80%க்கு இறங்கினால் விசிறியின் மின்பாவனை பாதியாகிவிடும். பூட்டினபிறகு ஒவ்வொரு ஹூட்டிலும் முகவேகம் அளந்து, புகை விட்டுப் பார்த்துத்தான் பாவனைக்குக் கொடுக்க வேணும். வெறும் அலுமாரியாகக் கிடக்கிற ஹூட்டைக் கழற்றிக் குழாயை அடைத்துவிடுங்கள், அதுதான் மலிவான திருத்தம். −80 பாகை ஃபிரீசர் இருந்தால், மாதிரிகள் தாங்குமென்றால் −70க்கு வையுங்கள், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மின் மிஞ்சும்.

வாவிக்கரை:
நன்றி. சீற் பக்கம் என்ன செய்யலாம்? கழுவி வெள்ளைப் பெயின்ற் அடித்து, அதுக்கு மேலேயே பனல் பூட்டலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

மேல்மாடி:
வேண்டாம். பிரஷர் வோஷர் அடித்தாலும் துளை போட்டாலும் அஸ்பெஸ்டஸ் நார் காற்றில் கலக்கும். பழஞ்சீற் ஆள் பாரமும் தாங்காது, மரச்சட்டத்துக்கு மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேணும். சவர்க்காரத் தண்ணீர் மெதுவாகத் தெளித்து நனைத்து, முழுச் சீற்றாகக் கழற்றி, 0.2 மி.மீ. பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். துணி மாஸ்க் காணாது, நுண்தூசியைப் பிடிக்கிற பி100 வடிகட்டி பூட்டின மாஸ்க் வேணும். கீழ்மாடியில் ஆள் இல்லாத விடுமுறையில் செய்யுங்கள்.

புதுக்கூரைக்கு அலுமினியம்-துத்தநாகப் பூச்சுத் தகடு, அந்தத் தகட்டோடு ஒத்துப்போகிற ஆணி. 1978 சூறாவளி கண்ட ஊர், ஆகவே தகட்டின் ஓரத்திலும் மூலையிலும் ஆணி இடைவெளியை நெருக்குங்கள், காற்று முதலில் அங்கேதான் கிளப்பும். பனல் சட்டத்தின் பிடியும் சீலிங்வரை இல்லை, பீம்வரை போக வேணும்.

கம்பிக்காரன்:
பிளாற்றுக்கு ஒரு வார்த்தை. 1:80 சரிவு, கைப்பிடிச்சுவர் மூலையில் 50 மி.மீ. சாய்வுச் சாந்து, 100 மி.மீ. வடிகுழாய் குறைந்தது இரண்டு. தண்ணீர்த்தடைப் பூச்சு காய்ந்தபிறகு குழாயை அடைத்து 30 மி.மீ. தண்ணீர் 48 மணித்தியாலம் நிறுத்திப் பாருங்கள். கீழ்ச் சீலிங்கில் ஈரம் தட்டினால் ஒப்பந்தக்காரரின் கடைசிக் கொடுப்பனவை நிறுத்திவையுங்கள். இதையெல்லாம் புரட்டாதிக்குள் முடிக்க வேணும். ஐப்பசி மழை விழுந்தால் பூச்சு ஒட்டாது.