பின்னிரவு டோக் ஷோக்களைக் கெடுத்தது அரசியலா, காசா?

முறிகண்டிக் கச்சான்:
'லேட் ஷோ' என்ற பின்னிரவு நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு நிறுத்தப்போவதாக அமெரிக்காவின் சிபிஎஸ் ரிவி 2025 ஜூலையில் அறிவித்ததில் இருந்து, அதை நடத்திய ஸ்டீபன் கோல்பேர்ட்டுக்காக இங்கே ஒரே ஒப்பாரி. எனக்கென்றால் அழுகை வரவில்லை. ஜொனி கார்சன் 1962 முதல் 1992 வரை, முப்பது வருடம் 'டுநைட் ஷோ' என்ற பின்னிரவு நிகழ்ச்சியை நடத்தினார். ஜனாதிபதி நிக்சனையும் நக்கலடித்தார், பிறகு வந்த கார்ட்டரையும் ரேகனையும் நக்கலடித்தார். அவர் யாருக்கு வாக்குப் போடுகிறார் என்று மட்டும் பார்க்கிற சனத்துக்குத் தெரியாது. இப்போது இவர்களுக்கு இன்றைக்கும் ட்ரம்ப், நாளைக்கும் ட்ரம்ப். பகிடி கேட்கப் போனால் பிரசங்கம் நடக்கிறது. பாதி நாட்டை வெளியே போகச் சொல்லிவிட்டு ஆள் வரவில்லை என்று அழுதால் எப்படி?

வவுனிக்குளத்தான்:
கச்சான் அண்ணை, ஒரு பக்கம் சாய்ந்தால் ஆள் வராது என்றால் ட்ரம்ப் பக்கம் சாய்ந்த ஃபொக்ஸ் ரிவியில் நிகழ்ச்சி நடத்தும் கிரெக் கட்ஃபெல்டுக்கு 3 மில்லியன் பேர் எங்கிருந்து வருகிறார்கள்? அவர் என்ன நடுவிலா நிற்கிறார்? கோல்பேர்ட்டும் 2025 இல் இரவு 11.35 மணிக்கு வந்த நிகழ்ச்சிகளில் முதலாவது ஆள்தான், ஏறக்குறைய 2.4 மில்லியன் பேர் பார்த்தார்கள். முதலாவதாக ஓடுகிற கடையையே பூட்டுகிறார்கள் என்றால் சந்தையே படுத்துவிட்டது என்றுதான் அர்த்தம். அமெரிக்கப் பெரிய தொலைக்காட்சிகளின் பின்னிரவு நிகழ்ச்சிகளுக்கு 2018 இல் ஏறக்குறைய 439 மில்லியன் டொலர் விளம்பரம் வந்தது. 2024 இல் அது 220 மில்லியன். சரி பாதி. லேட் ஷோவுக்கு வருடம் 40 மில்லியன் நட்டம் என்று செய்தி வந்தது. சேத் மேயர்ஸின் பின்னிரவு நிகழ்ச்சியில் வாத்தியக் குழுவையே நிறுத்திவிட்டார்கள். இப்போது 'டுநைட் ஷோ' நடத்தும் ஜிம்மி ஃபலன் கிழமைக்கு நாலு நாளாகக் குறைத்துவிட்டார். ஃபலன் அரசியல் கதைப்பதே குறைவு, அவருக்கும் அதே கதிதான்.

முறிகண்டிக் கச்சான்:
கட்ஃபெல்ட் வருவது இரவு 10 மணிக்கு, அதுவும் கேபிளில். அதை இதோடு ஒப்பிடாதே தம்பி. ஃபலனைப் பற்றிச் சொன்னது சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் கேட்டது வேறு. விளம்பரம் குறைந்தால் நிகழ்ச்சி சின்னதாகும். அது ஏன் மேடைப் பேச்சாக மாறவேண்டும்?

ஒட்டுசுட்டான் அக்கா:
காசு மட்டும்தான் காரணம் என்பதையும் நான் நம்பமாட்டேன். நாட்களை அடுக்கிப் பாருங்கள். சிபிஎஸ் மீது ட்ரம்ப் போட்ட வழக்கை முடிக்க, சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பரமவுண்ட் ஜூலை ஆரம்பத்தில் 16 மில்லியன் டொலருக்குச் சம்மதிக்கிறது. ஜூலை 14 அன்று கோல்பேர்ட் தன் மேடையில் நின்றே அதை லஞ்சம் என்கிறார். 17 ஆம் தேதி அவர் நிகழ்ச்சி நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு வருகிறது. 24 ஆம் தேதி, ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு பரமவுண்ட் இணைவதற்கு அரசின் ஒப்புதல் கிடைக்கிறது. நட்டம் உண்மையாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இப்படி நாள் பார்த்தால் எங்கள் ஊர்ச் சனத்துக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

செப்டெம்பரில் இன்னொரு பின்னிரவு நிகழ்ச்சிக்காரர் ஜிம்மி கிம்மலை ஏபிசி ரிவி நிறுத்தியதும் அப்படித்தான். ட்ரம்ப் ஆதரவாளரான சார்லி கேர்க்கின் கொலையை ஒட்டி கிம்மல் சொன்ன ஒரு கதைக்காக அரசின் ஒலிபரப்பு ஆணைக்குழுத் தலைவரே வெருட்டினார். ஒரு கிழமைக்குள் கிம்மல் திரும்பி வந்தபோது, பல ஊர் நிலையங்கள் அவரைக் காட்ட மறுத்தும் 6 மில்லியனுக்கு மேல் பார்த்தார்கள்.

கச்சான், பிரசங்கம் என்கிறீர்கள். யுத்தத்தில் பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைப் போட்டு இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்ட ஊர் இது. பகிடிக்காகவா அந்தப் பெடலைச் சுற்றினோம்? வேறு எவரும் சொல்லாததைச் சொல்கிறார்கள் என்றுதான். ஆனால் ஒன்று, உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சக்தி ரிவியில் 'மின்னல்' என்ற அரசியல் நிகழ்ச்சியை நடத்திய ஸ்ரீரங்கா 2010 இல் நாடாளுமன்றத்துக்கே போனார். கேள்வி கேட்கிற ஆள் கட்சிக்காரன் ஆனால் அதற்குப் பிறகு அவர் கேள்வியை யார் நம்புவது?

முறிகண்டிக் கச்சான்:
அதைத்தானே நான் முதலில் இருந்து சொல்கிறேன்! அக்கா சொன்னால் நியாயம், நான் சொன்னால் பிரசங்கம் பிடிக்காத ஆள்.

காவல் கொட்டில்:
காலபோக நெல் வயலுக்குள் யானை வராமல் இரவில் காவலிருக்கிற ஆள் நான். உங்கள் எல்லாரையும் விட உண்மையாகப் பின்னிரவில் முழித்திருப்பவன். நியூயோர்க்கில் இரவு 11.35 என்றால் கோடையில் இங்கே அடுத்த நாள் காலை 9.05, மாரியில் 10.05. அவர்கள்கூட அதைப் பின்னேரத்திலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். ஆக பின்னிரவு நிகழ்ச்சியைப் பின்னிரவில் பார்க்கிறது யார்? எங்களுக்கு வருவது யூடியூப் துண்டுதான். 2022 மார்ச்சில் 13 மணி நேரம் கரண்டை நிறுத்தியபோது ரிவியும் போச்சு, அதோடு எல்லாமே போனுக்குள் வந்தது.

துண்டாக வெட்டினால் எது ஓடும்? இன்றைக்குக் காலையில் நடந்த அரசியலை வைத்துச் செய்த ஏழெட்டு நிமிடம் ஓடும். ஒரு நடிகர் கதிரையில் சாய்ந்திருந்து ஊர்க்கதை சொல்கிற அரை மணித்தியாலம் ஓடாது. ஆகவே கச்சான் அண்ணை, அரசியல் வந்து நிகழ்ச்சியைக் கெடுத்ததாக நான் நினைக்கவில்லை. போன் வந்தது, போனுக்கு ஏற்றது மட்டும் மிஞ்சியது. போனது அந்த விருந்தாளிக் கதைதான், எனக்கு அதுதான் கவலை.

வவுனிக்குளத்தான்:
இது நல்ல கதை. ஆனால் ரிவி விளம்பரம் கொடுத்த காசை அந்தத் துண்டுகள் கொடுக்காதே? 15 பேர் எழுதி, வாத்தியக்காரர் வாசித்து, அரங்கு போட்டுச் செய்கிற வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பது?

காவல் கொட்டில்:
ஏன் அரங்கு? பின்னிரவு நிகழ்ச்சி நடத்திய கோனன் ஓ'பிரையன் 2018 இலேயே பொட்காஸ்ட் தொடங்கிவிட்டார். 2021 ஜூனில் ரிவியை விட்டார், 2022 இல் அவருடைய பொட்காஸ்ட் நிறுவனத்தை சிரியஸ் எக்ஸ்எம் வானொலி நிறுவனம் வாங்கியது. ஒரு மேசை, இரண்டு மைக், மணித்தியாலக் கணக்கில் சிரிப்பு. ஆங்கிலம் பாதிதான் விளங்கும், அது வேறு.

முறிகண்டிக் கச்சான்:
அப்படியென்றால் கார்சன் மாதிரி எல்லாருக்கும் பொதுவான ஒருவர் இனி வரமாட்டார் என்கிறீர்கள். ஆளுக்கொரு காதொலிப்பான், ஆளுக்கொரு பகிடி.

வவுனிக்குளத்தான்:
கார்சன் காலத்தில் அந்த நேரத்துக்குப் பார்க்க வேறு என்ன பெரிதாக இருந்தது அண்ணை? வேறு வழியில்லாமல் கூடிய கூட்டத்தை ஒற்றுமை என்று சொல்லாதீர்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா:
அமெரிக்காவை விடுங்கள். எங்கள் தமிழ் ரிவிகளில் ஒன்று இரவு 11 மணியை ஒரு துணிந்த ஆளிடம் கொடுத்து, யாரையும் நக்கலடி என்று விட்டால் நீங்கள் பார்ப்பீர்களா?

முறிகண்டிக் கச்சான்:
பார்ப்பேன். முதல் கிழமை எங்கள் மாகாணசபைக் கதையை எடுக்கச் சொல்லுங்கள், எத்தனை நாள் விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

காவல் கொட்டில்:
நான் பார்க்கமாட்டேன். போன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யானை வயலுக்குள் வந்து நிற்கிறது தெரியாது. ஒலியாக மட்டும் போடச் சொல்லுங்கள், விடிய விடியக் கேட்கிறேன். ஒரு காதில் மட்டும்.