ஆன்சிபிள் லுக்கப்: எல்லா சர்வரிலும் ஒரே மெஷின்-ஐடி, இருக்கிற கோப்பை "இல்லை" என்கிறது, பாஸ்வேர்டும் மாறுகிறது. உதவி தேவை

கேள்வி:

வணக்கம் நண்பர்களே. பல சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் கருவியில், ஒரு பிளேபுக்கில் (செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய கோப்பு) லுக்கப் பிளகின்களை (வெளியிலிருந்து மதிப்பை எடுத்துத் தரும் துணைநிரல்கள்) வைத்து சில மதிப்புகளை எடுக்கிறேன். மூன்று இடத்தில் இடிக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே காரணமா, தனித்தனியா என்றே பிடிபடவில்லை.

கண்காணிப்பு ஏஜென்டின் கன்ஃபிக் கோப்பில் அந்தந்த சர்வரின் மெஷின்-ஐடி (இயந்திரத்துக்கே உரிய அடையாளம்) போக வேண்டும். டெம்ப்ளேட்டுக்குள் ஃபைல் லுக்கப் போட்டு, ஈடிசி அடைவில் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைப் படிக்கச் சொன்னேன். பிழை எதுவும் வராமல் ஓடி முடிந்தது, ஆனால் எல்லா சர்வரிலும் ஒரே ஐடி எழுதப்பட்டிருக்கிறது. ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்ததால் இப்படியா என்று உள்ளே போய்ப் பார்த்தேன், இல்லை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஐடிதான் இருக்கிறது.

அடுத்தது, அப்ளிகேஷனின் டோக்கன் கோப்பு. அது சர்வரிலேயே இருக்கிறது, ரூட் மட்டும்தான் படிக்க முடியும். அதே ஃபைல் லுக்கப்பால் படிக்கப் போனால் கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. பிகம் (ரூட் போன்ற வேறு பயனராக ஓட்டும் அமைப்பு) போட்டேன், டெலிகேட்-டு போட்டு அந்த சர்வரின் பெயரையே கொடுத்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

மூன்றாவது, டேட்டாபேஸ் பயனருக்கான பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு லுக்கப்பில் கோப்பின் பாதையாக, எழுதுவதை எல்லாம் தூக்கியெறியும் டெவ்-நல் கொடுத்து, அதை வார்ஸ் பகுதியில் ஒரு மாறியாக வைத்திருக்கிறேன். பயனரை உருவாக்கும் டாஸ்க்கும் அப்ளிகேஷன் கன்ஃபிக் எழுதும் டாஸ்க்கும் அதே மாறியைத்தான் எடுக்கின்றன. ஆனாலும் அப்ளிகேஷனால் டேட்டாபேஸில் லாகின் செய்ய முடியவில்லை.

பதில் 1:

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். லுக்கப் ஓடுவது கண்ட்ரோல் நோடில், அதாவது நீங்கள் பிளேபுக்கை இயக்குகிற இயந்திரத்தில். டார்கெட் சர்வரை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. லுக்கப் என்பது ஜின்ஜா எனும் டெம்ப்ளேட் மொழிக்கு ஆன்சிபிள் சேர்த்துக் கொடுத்த ஒரு வசதி. டெம்ப்ளேட்டை விரித்து மதிப்பாக்கும் வேலை முழுக்கக் கண்ட்ரோல் நோடிலேயே நடக்கிறது. டாஸ்க்கின் வேலையைச் செய்யும் நிரலான மாட்யூல்தான் அதற்கப்புறம் சர்வருக்குப் போய் வேலை செய்கிறது.

இப்போது உங்கள் அறிகுறிகளை இதோடு வைத்துப் பாருங்கள். மெஷின்-ஐடி கோப்பு உங்கள் இயந்திரத்திலும் அதே பாதையில் இருக்கும், அதனால் அதைப் படித்து எல்லா சர்வருக்கும் கொடுத்துவிட்டது. டோக்கன் கோப்பு உங்களிடம் இல்லை, அதனால் நின்றுவிட்டது. இரண்டில் நின்றுபோனதுதான் நமக்கு நல்லது. தவறான மதிப்பு சத்தமில்லாமல் எழுதப்படுவது மிகவும் ஆபத்து, பல நாள் கழித்துத்தான் தெரியவரும்.

பிகம் ஏன் உதவவில்லை என்றால், அது மாட்யூலுக்கான அமைப்பு. லுக்கப் எப்போதும் ஆன்சிபிளை ஓட்டுகிற பயனரின் அனுமதியோடுதான் ஓடும். டெலிகேட்-டுவும் அப்படித்தான், டாஸ்க் எந்த ஹோஸ்டில் நடக்க வேண்டும் என்பதை மாற்றுமே தவிர லுக்கப்பை நகர்த்தாது.

சர்வரில் இருக்கும் கோப்பு வேண்டுமென்றால் ஸ்லர்ப் மாட்யூல் போடுங்கள். அது சர்வரில் ஓடுகிறது, பிகமும் வேலை செய்யும். உள்ளடக்கத்தை பேஸ்64 வடிவில் தரும், ரிஜிஸ்டர் செய்து (முடிவை மாறியில் வைத்து) பி64டிகோட் ஃபில்டர் வழியாக எடுத்தால் போதும். டோக்கன் என்பதால் நோ-லாக் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வெர்போஸ் வெளியீட்டில் அப்படியே தெரியும். ஸ்லர்ப் முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும், எனவே பெரிய கோப்புகளுக்கு, கோப்பையே உங்கள் இயந்திரத்துக்கு எடுத்துவரும் ஃபெட்ச் மாட்யூலே சரி.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் வெளியீட்டை விரிவாக்கும் வி கொடியை நான்கு முறை கொடுத்து ஓட்டுங்கள், ஃபைல் லுக்கப் உண்மையில் எந்தப் பாதையில் உள்ள கோப்பை எடுத்தது என்று காட்டும்.

பதில் 2:

மூன்றாவதை நான் சொல்கிறேன். வார்ஸில் எழுதுவது ஒரு மதிப்பு அல்ல, அது ஒரு சூத்திரம். அந்த மாறியைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் ஆன்சிபிள் அதைப் புதிதாக விரிக்கும், லுக்கப்பும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஓடும். ஃபைல் லுக்கப்பில் இது தெரியாது, ஏனென்றால் எத்தனை முறை படித்தாலும் கோப்பு அதேதான். பாஸ்வேர்டு லுக்கப்புக்கு டெவ்-நல் கொடுத்தால் எதையும் சேமிக்காது, ஆகவே கூப்பிடும்போதெல்லாம் புதுசு. பயனரை உருவாக்கும்போது ஒன்று, கன்ஃபிக்கில் இன்னொன்று. நேரத்தையோ வெளி ஏபிஐயையோ கட்டளையை ஓட்டி அதன் வெளியீட்டைத் தரும் பைப் லுக்கப்பால் எடுப்பவர்களும் இதே இடத்தில் மாட்டுகிறார்கள்.

செட்-ஃபேக்ட் டாஸ்க்கில் ஒருமுறை வாங்கி வைத்தால் மதிப்பு உறைந்துவிடும். ஆனால் அது ஹோஸ்டுக்கு ஒருமுறை, ஹோஸ்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வந்துவிடும். எல்லோருக்கும் ஒன்றே வேண்டுமானால் ரன்-ஒன்ஸ் சேர்க்க வேண்டும், அப்போது கிடைக்கும் மதிப்பு அந்தத் தொகுப்பில் உள்ள எல்லா ஹோஸ்டுகளுக்கும் போய்ச் சேரும். சீரியல் போட்டு (ஹோஸ்டுகளைத் தொகுப்பு தொகுப்பாக) ஓட்டினால் கவனம், ரன்-ஒன்ஸ் என்பது ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒருமுறை.

இதெல்லாம் ஒரு ஓட்டத்துக்குள் மட்டும்தான். நாளை மறுபடி ஓட்டினால் மறுபடி புது பாஸ்வேர்டு, அப்ளிகேஷன் மறுபடி ரீஸ்டார்ட். அதனால் டெவ்-நல்லை விட்டுவிட்டு ஒரு உண்மையான பாதையைக் கொடுங்கள். கோப்பு இல்லையென்றால் உருவாக்கும், இருந்தால் அதிலிருந்தே படிக்கும். நீளம் சொல்லாவிட்டால் 20 எழுத்து. அந்தக் கோப்பு மறையாக்கம் இல்லாத வெறும் உரை என்பதை மட்டும் மனதில் வையுங்கள், கிட் களஞ்சியத்துக்குள் தெரியாமல் போய்விடக் கூடாது. ப்ரொடக்‌ஷனுக்கு என்றால் நான் ஆன்சிபிள் வால்ட் (ஆன்சிபிளின் கோப்பு மறையாக்க வசதி) அல்லது வெளி ரகசிய சேமிப்பைத்தான் சொல்வேன்.

கேட்டவர்:

மிக்க நன்றி இருவருக்கும். ஸ்லர்ப் போட்டதும் டோக்கன் சரியாக வருகிறது, மெஷின்-ஐடியும் இப்போது சர்வருக்கு சர்வர் வேறாக இருக்கிறது. பாஸ்வேர்டு மறையாக்கப்பட்ட வால்ட் கோப்புக்குப் போய்விட்டது.

இன்னொன்று கேட்கலாமா? சூழல் மாறியைப் படிக்கும் என்வ் லுக்கப்பால் ஒரு ஏபிஐ சாவியை எடுக்கிறேன். என் லேப்டாப்பில் ஓட்டினால் வருகிறது, அதே பிளேபுக்கை ஏடபிள்யூஎக்ஸில் (ஆன்சிபிளை வலைப்பக்கம் வழியாக ஓட்டும் தளம்) ஓட்டினால் காலியாக வருகிறது, பிழைகூட இல்லை. ஏடபிள்யூஎக்ஸ் இருக்கும் இயந்திரத்தில் அந்தச் சூழல் மாறியை வைத்திருக்கிறேன்.

பதில் 1:

அதே கதைதான், இந்த முறை கண்ட்ரோல் நோடு எது என்பதில் வருகிறது. ஏடபிள்யூஎக்ஸில் பிளேபுக் ஓடுவது எக்ஸிக்யூஷன் என்விரான்மென்ட் எனும் கண்டெய்னருக்குள். லுக்கப்பும் அதற்குள்தான். வெளி இயந்திரத்தின் சூழல் மாறிகளும் கோப்புகளும் அதற்குத் தெரியாது. கிரெடென்ஷியல் வகை ஒன்றை உருவாக்கி, அதன் வழியே சாவியைச் சூழல் மாறியாக உள்ளே செலுத்துங்கள். லுக்கப் ஏதாவது பைதான் நூலகத்தை நம்பியிருந்தாலும் இதே விதி: ஹாஷிகார்ப் வால்ட் எனும் வெளி ரகசிய சேமிப்புக்கான லுக்கப் என்றால் ஹெச்வேக் நூலகம் அந்தக் கண்டெய்னர் இமேஜுக்குள் இருக்க வேண்டும், சர்வர்களில் நிறுவி எந்தப் பலனும் இல்லை.

பிழை வராததற்குக் காரணம், மாறி இல்லையென்றால் என்வ் லுக்கப் வெற்றுச் சரத்தைத் தரும். ஆன்சிபிள்-கோர் 2.13 முதல் டிஃபால்ட் அளவுருவில் அன்டிஃபைன்ட் கொடுத்தால் மாறி இல்லாதபோது பிழையாகும், அல்லது முதல் டாஸ்க்காக, மதிப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு அசெர்ட் போடுங்கள். எரர்ஸ் அளவுருவுக்கு இக்னோர் கொடுத்து லுக்கப் பிழைகளை மறைக்கும் பழக்கத்தையும் இதனால்தான் எதிர்க்கிறேன், மதிப்பு இல்லாமலே கன்ஃபிக் எழுதப்பட்டுவிடும்.

பதில் 3:

பப்பட், சால்ட் எனும் இதே வகைக் கருவிகளின் பக்கமிருந்து வருகிறேன், எங்களிடமும் இதே கோடுதான். பப்பட்டில் ஹியரா (மதிப்புகளின் சேமிப்பு) தேடல், கேட்டலாக்கை (நோடு எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல்) தொகுக்கும்போது பப்பட் சர்வரில் நடக்கும், நோடைப் பற்றிய தகவலை ஃபேக்டர்தான் நோடிலிருந்து அனுப்பும். ஏஜென்டில்தான் மதிப்பு எடுக்கப்பட வேண்டும் என்றால் அதற்காகவே பப்பட் 6-இல் டெஃபர்ட் வந்தது. சால்ட்டில் பில்லர் (அமைப்பு மதிப்புகள்) மாஸ்டர் எனும் மைய இயந்திரத்தில் தயாராகும், கிரெய்ன்ஸ் (இயந்திரத்தின் சொந்தத் தகவல்) மினியன் எனும் நிர்வகிக்கப்படும் இயந்திரத்தில். எந்தக் கருவியாக இருந்தாலும், மதிப்பு எந்த இயந்திரத்தில் எடுக்கப்படுகிறது என்று முதலில் பார்த்தால் பாதித் தேடல் மிச்சம்.

கேட்டவர்:

கிரெடென்ஷியல் வகை வழியாகச் சாவி வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: பெயர் வடிவத்துக்குப் பொருந்தும் கோப்புகளைத் தேடும் ஃபைல்குளோப் லுக்கப்பை லூப்பில் போட்டால் பட்டியல் வேண்டும் என்று மறுக்கிறது. கோப்புகள் என் பிளேபுக்கோடுதான் இருக்கின்றன, அதனால் இடம் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன்.

பதில் 2:

ஆமாம், இது இடம் சிக்கல் இல்லை. லுக்கப் என்று கூப்பிட்டால் பல முடிவுகளையும் காற்புள்ளியால் ஒட்டி ஒரே சரமாகத் தரும். லூப்புக்குப் பட்டியல்தான் தேவை, அதனால் லுக்கப்புக்குப் பதிலாக க்வெரி என்று எழுதுங்கள், 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. லுக்கப்பிலேயே வான்ட்லிஸ்ட் ட்ரூ கொடுப்பதும் அதே பலன். காற்புள்ளியால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஸ்ப்ளிட் போட்டுவிடாதீர்கள், கோப்புப் பெயரிலேயே காற்புள்ளி இருந்தால் உடைந்துவிடும்.