ராஜா காலத்துச் சட்டம் குடியானைக் காப்பாற்றியதா?

கல்குளத்தான்:
தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ‘ஜென்மிகரம்’ (பரம்பரை நிலக்கிழாரான ஜென்மிக்குக் கட்டும் பணம்) என்று எழுதிய ரசீது ஒன்று கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஒரு கோபம். குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பு வந்ததே சுதந்திரத்துக்கு அப்புறம்தான் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1865இலேயே, சர்க்கார் பாட்ட நிலத்தை, அதாவது அரசிடம் குத்தகைக்கு வாங்கிய நிலத்தை, உழுதவருக்கு அதை விற்கிற உரிமையே கிடைத்துவிட்டது. ஜென்மி நிலத்துக்கு 1867இல் மகாராஜாவின் பிரகடனம்: கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவரும்வரை காணக் குடியானை, அதாவது காணம் கொடுத்துக் குத்தகை எடுத்தவரை, இறக்கிவிடக் கூடாது. வேறென்ன வேண்டும்?

தோவாளை வயல்:
காணக் குடியான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். காணம் என்பது முன்பணம். அதைக் கொடுக்க வக்கிருந்தவருக்குத்தான் அந்தச் சட்டம். எங்கள் தாத்தா வெறும்பாட்டம், முன்பணம் இல்லாத வெறும் குத்தகை. பாட்ட நெல்லைக் காயவைத்து, தூற்றி, சுமந்துபோய் அவர்கள் வீட்டுப் பத்தாயத்தில் கொட்ட வேண்டும். மரக்கால் அவர்களுடையது, அளக்கிற கையும் அவர்களுடையது. ஓணத்துக்கு வாழைக்குலை தனி.

கல்குளத்தான்:
அந்தக் குலைக்கும் சட்டம் வந்ததே! 12 வருஷத்துக்கு ஒருமுறை சீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று ஜென்மி பணம் கேட்பது பெரிய தலைவலி. 1896இல் ஜென்மி–குடியான் சட்டம் வந்தது. 1932 திருத்தத்தில் மிச்சவாரம் என்ற வருஷக் குத்தகை, புதுப்பிப்புப் பணம், காணிக்கை எல்லாம் சேர்த்து ஒரே ஜென்மிகரம் என்று ஆனது. அதற்கு மேல் கேட்க முடியாது. நிலமும் குடியானுக்கே. 1964இல் சென்னை மாநில அரசு (இன்றைய தமிழ்நாடு) அந்தக் கரத்தையும் ஒழித்தது.

தோவாளை வயல்:
சரி அண்ணாச்சி, அப்படி நிலம் கிடைத்த குடியான் எல்லோரும் தானே இறங்கி உழுதார்களா? கீழ்ப்பாட்டத்துக்கு, அதாவது உள்குத்தகைக்கு, விட்டார்கள். எங்கள் தாத்தாவிடம் நெல்லை அளந்து வாங்கியது ஜென்மி இல்லை, நீங்கள் சொல்லும் குடியான்தான். உங்கள் தாத்தாவிடம் ரசீது இருந்தது. எங்களிடம் இல்லை.

விளவங்கோட்டுப் பையன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், வீட்டுக்கு அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நாகர்கோவிலில் என்னிடம் 8 மாதம் கேட்டார்கள். சட்டத்தைச் சொன்னேன். “அப்போ வேற வீடு பாருங்க தம்பி.” கொடுத்துவிட்டேன்.

தோவாளை வயல்:
ஒப்பந்தம் எழுதிப் பதிந்தாயா மக்கா?

விளவங்கோட்டுப் பையன்:
வாய்ப்பேச்சுதான்.

கல்குளத்தான்:
ரசீதாவது கேட்டு வாங்கு.